கலப்பது அகற்றுவது ஆகாது: பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், அவர்களது தீர்மானத்துக்கு ஒப்புதல் வழங்கியுள்ள மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும்,

முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து இதுவரை தனித்தனிக் குழாய்களில் வந்துகொண்டிருந்த குரோமியக் கழிவுநீர், சயனைடு கழிவுநீர், நிக்கல் கழிவுநீர், அமில காரக் கழிவுநீர் ஆகிய நான்கையும் இனி ஒரே குழாயில் அனுப்பலாம் என்று உங்கள் சுற்றறிக்கை அறிவிக்கிறது. ஒவ்வொரு பட்டறையின் வாசலிலும் எடுத்துவந்த மாதிரிகள் நிறுத்தப்படும் என்றும், பொது நிலையத்தின் கடைசி வெளியேற்றத்தில் மாதம் ஒரு முறை எடுக்கும் மாதிரி வரம்புக்குள் இருந்தாலே போதும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. செலவைக் குறைக்கும் நிர்வாகச் சீர்திருத்தம் என்று இதற்குப் பெயரும் கொடுத்திருக்கிறீர்கள். உலோகக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலையிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்தத் தீர்மானம் நச்சு உலோகங்களை அகற்றும் வேலையையே கைவிடுவதற்கு ஒப்பாகும் என்று நான் கருதுகிறேன். ஏன் அப்படிக் கருதுகிறேன் என்பதை வேதியியல் காரணங்களோடும், கண்ணால் பார்த்தவற்றோடும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு பட்டறையிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கனமீட்டர் நிக்கல் கழிவுநீர் வருகிறது என்றும், அதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கிராம் நிக்கல். இந்த நீரைத் தனியாக வைத்துச் சரியான காரநிலைக்குக் கொண்டுவந்து நிக்கலை வீழ்படிவாக்கினால், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மட்டுமே கரைந்து நிற்கும் நிலைக்குச் சிரமமின்றிக் கொண்டுவரலாம். அப்போது வெளியே போவது அரை கிராம், மீதி 49.5 கிராம் கசடாக நம் கையில் இருக்கும். அதே ஒரு கனமீட்டர் நீரை உலோகமே இல்லாத 99 கனமீட்டர் நீரோடு கலந்துவிட்டால், எந்தச் சுத்திகரிப்பும் செய்யாமலேயே லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வந்துவிடும். அங்கே வெளியே போவது முழு 50 கிராம். இரண்டு இடத்திலும் ஆய்வறிக்கை ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆற்றுக்குப் போகும் உலோகமோ நூறு மடங்கு வேறுபடும். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்று கொண்டால், ஒரே ஒரு பட்டறையின் கணக்கில் 150 கிராமுக்கும் 15 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு அது. உங்கள் புதிய ஏற்பாட்டில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை என்பதே என் முதல் முறையீடு.

செறிவு குறைந்துவிட்டால் கெடுதலும் குறைந்துவிடும் என்ற எண்ணம், நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கக்கூடிய கழிவுகளுக்கு ஓரளவு பொருந்தலாம். உலோகங்களுக்குப் பொருந்தாது. ஈயமும் காட்மியமும் பாதரசமும் தனிமங்கள். அவற்றை எந்த நுண்ணுயிரும் எந்த வெப்பமும் எந்த வேதிப்பொருளும் இல்லாமலாக்க முடியாது. ஒரு சேர்மத்திலிருந்து இன்னொன்றுக்கும், நீரிலிருந்து கசடுக்கும், கசடிலிருந்து மண்ணுக்கும் அவை இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். கடலில் கரைத்த பெருங்காயமாக அவை காணாமல் போவதில்லை. ஆற்றுப் படுகைச் சேற்றிலும், அந்தச் சேற்றைக் கிளறி உண்ணும் உயிர்களிலும், அவற்றை உண்ணும் மீன்களிலும் படிப்படியாகச் சேர்கின்றன. குடிநீரில் காட்மியம் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும், பாதரசம் 0.006 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்வது இதனால்தான். இவ்வளவு சிறிய அளவுகளைப் பற்றிப் பேசும்போது, கலந்துவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமே இல்லை.

அடுத்து, நான்கு குழாய்கள் எதற்காகப் போடப்பட்டன என்பதற்கு வருகிறேன். அவை வசதிக்காகப் போடப்பட்டவை என்ற தொனி உங்கள் சுற்றறிக்கையில் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குரோமியம் முலாம் தொட்டியிலிருந்து வரும் நீரில் இருப்பது பெரும்பாலும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள் அது. அந்த நீரில் எவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டினாலும் அது படியாது. மஞ்சள் நிறத்தோடு அப்படியே கடந்துபோகும். அதை முதலில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை) 2 முதல் 3 வரையிலான அமிலநிலைக்குக் கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்பைட் போன்ற ஒடுக்கியைச் சேர்த்து, மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமாக மாற்ற வேண்டும். மஞ்சள் மறைந்து பச்சை வந்த பிறகு, காரத்தைச் சேர்த்து 8, 8.5 அளவுக்கு ஏற்றினால்தான் அது ஹைட்ராக்சைடாகப் படியும். அமிலநிலை தளர்ந்தால் ஒடுக்க வினை வெகுவாக மெதுவாகிவிடும்; சில நிமிடங்களில் முடிய வேண்டியது, தொட்டியில் நீர் தங்கும் நேரத்துக்குள் முடியாமல் போகும். எல்லா நீரும் கலந்து நடுநிலையை ஒட்டி வந்து சேரும் ஒரு பெரிய தொட்டியில், அத்தனை கனமீட்டர் நீரையும் அந்த அமிலநிலைக்கு இறக்கி மறுபடி ஏற்றுவதற்கான அமிலத்தையும் காரத்தையும் நீங்கள் வாங்கப்போவதில்லை என்பது உங்கள் வரவுசெலவுத் திட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அப்படி வாங்கினாலும் அதைச் செய்யக்கூடாது. அதே தொட்டிக்குள்தான் சயனைடு நீரும் வந்து விழப்போகிறது. சயனைடு கலந்த நீரை அமிலமாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிப்படும் என்பது பள்ளிக்கூட வேதியியல். அந்த வாயுவைச் சுவாசித்தவரைக் காப்பாற்ற நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் சயனைடு நீர் எப்போதும் பி.எச். 10க்கு மேல் வைக்கப்பட்டு, ஹைப்போகுளோரைட்டால் முதலில் சயனேட்டாகவும், பிறகு 8.5 அளவில் நைட்ரஜனாகவும் கார்பனேட்டாகவும் சிதைக்கப்படுகிறது. குரோமியத்துக்குத் தேவைப்படும் நிலை சயனைடு விஷயத்தில் உயிரைப் பறிக்கும் நிலை. ஒன்றுக்கு ஒடுக்கி வேண்டும், மற்றதற்கு ஆக்சிஜனேற்றி வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றினால் அவை ஒன்றையொன்று தின்று தீர்க்கும். அதோடு, காரநிலையில் மிஞ்சிய ஹைப்போகுளோரைட் ஏற்கெனவே ஒடுக்கிய குரோமியத்தைப் பழையபடி ஹெக்ஸாவேலன்ட் நிலைக்குத் திருப்பவும் கூடும். சயனைடும் நிக்கலும் சந்தித்தால் உருவாகும் நிக்கல் சயனைடு அணைவுச் சேர்மம், தனிச் சயனைடைப் போல எளிதில் சிதையாது. தனித்தனியாக இருந்தபோது தீர்வு தெரிந்த இரண்டு பிரச்சினைகள், கலந்த பிறகு தீர்வு கடினமான ஒரே பிரச்சினையாகின்றன.

இந்த ஆபத்து ஏட்டளவில் மட்டும் இருப்பதன்று. நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில், அமிலக் கழுவுநீருக்கான வால்வு சரியாக மூடப்படாததால் சயனைடு நீரின் சேகரிப்புக் குழிக்குள் அமிலம் கசிந்துவந்தது. குழியின் அருகே நின்றிருந்த தொழிலாளி தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே தடுப்புக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அருகில் இருந்தவர் விவரம் தெரிந்தவராக இருந்ததால், குழிக்குள் எட்டிப் பார்க்காமல் அவரைக் காற்று வரும் திசைக்கு இழுத்துச் சென்றார், அவர் பிழைத்தார். தனிக் குழாய்கள் இருந்த இடத்திலேயே ஒரு வால்வின் கசிவு இவ்வளவு செய்யும் என்றால், கலப்பதையே விதியாக்கும் இடத்தில் வேலை செய்யப்போகிறவர்களைப் பற்றி நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா? உங்கள் சுற்றறிக்கையில் தொழிலாளர் பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை.

இத்தகைய வாயு ஆபத்து இல்லாத இடத்திலும் உலோகங்களின் கதை எளிதானதன்று. மூன்று இணைதிறன் குரோமியம் நன்றாகப் படிவது 8 முதல் 8.5 வரை, துத்தநாகத்துக்கு 9ஐ ஒட்டி, நிக்கலுக்கு 10க்குச் சற்று மேல், காட்மியத்துக்கு அதற்கும் மேல். நிக்கலின் ஹைட்ராக்சைடு கரைதிறன் பி.எச். ஒரு அலகு ஏறும்போது கொள்கையளவில் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதால், 8.5க்கும் 10க்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் நிக்கலுக்காகக் காரத்தை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போனால், படிந்த குரோமியமும் துத்தநாகமும் மறுபடி கரையத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைத்துக்கொண்டு 9 என்றோ 9.5 என்றோ ஒரு நடுவான அளவைத் தேர்ந்தெடுப்பவர், எந்த உலோகத்தையும் முழுமையாகப் பிடிக்க முடியாத அளவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவலைப்படுத்துவது, உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் சேர்மங்கள். மின்சாரமில்லாமல் முலாம் பூசும் தொட்டிகளிலும், சுத்தப்படுத்தும் கரைசல்களிலும் இ.டி.டி.ஏ., சிட்ரேட், டார்ட்ரேட், அம்மோனியா போன்றவை இருக்கின்றன. உலோகம் படியாமல் கரைந்தே இருக்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுபவை அவை. கழிவுநீரிலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அம்மோனியா கலந்த செம்புக் கழிவுநீரை ஒரு பீக்கரில் எடுத்துச் சுண்ணாம்பு நீரைச் சேர்த்துக் கலக்கி, பாலிமர் சொட்டுகளை விட்டு, அரை மணி நேரம் விட்டுவைத்துப் பாருங்கள். அடியில் அழகாகக் கசடு படியும். மீட்டர் சரியான பி.எச். காட்டும், மேலே நிற்கும் நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அந்தப் பீக்கரை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால், தெளிந்த நீரில் ஒரு மெல்லிய நீலம் தெரியும். அந்த நீலம்தான் செம்பு. எத்தனையோ இளம் ஆபரேட்டர்களுக்கு இதைக் காட்டியிருக்கிறேன். தெளிவாக இருப்பது சுத்தமாக இருப்பதாகாது என்பது பாடப்புத்தகத்தைவிட அந்தத் தாளில்தான் அவர்களுக்கு விளங்கியது. இப்படிப்பட்ட நீரைத் தனியாகப் பிடித்தால், சல்பைடு மூலமாகவோ, டைதயோகார்பமேட் வகை வீழ்படிவாக்கிகள் மூலமாகவோ, ஃபென்டன் வினை என்ற ஆக்சிஜனேற்ற முறையால் கவ்வும் சேர்மத்தையே உடைத்தோ வழிக்குக் கொண்டுவரலாம். பொதுக் குழாயில் விட்டால், அதிலுள்ள இ.டி.டி.ஏ. தன்னுடைய செம்பை மட்டுமன்றி, பக்கத்துப் பட்டறையிலிருந்து வரும் நிக்கலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியேறும். ஒரு பட்டறையின் நீர் மற்ற பட்டறைகளின் சுத்திகரிப்பையும் கெடுக்கும் என்பது உங்கள் ஆலோசகர்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது.

ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைப் போட்டால் அமிலமாக்காமலேயே குரோமியத்தை ஒடுக்கலாம், ஆகவே கலந்த நீரையும் சமாளிக்கலாம் என்று அவர்கள் சொல்லக்கூடும். ஒடுக்கலாம் என்பது உண்மை. ஒவ்வொரு குரோமியம் அணுவுக்கும் மூன்று இரும்பு அணுக்கள் செலவாகி, அத்தனையும் கசடாக வந்து நிற்கும் என்பதும் உண்மை. அந்தக் கசடை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை.

இதே போலப் புதிய புதிய உறிஞ்சிகளைப் பற்றியும் சொல்கிறார்கள். மரத்தூள், தோல், ஓடு, நார் என்று எதையோ கரியாக்கி, ஆய்வகத்தில் ஒரே ஒரு உலோகம் கரைந்த வடிநீரில் போட்டு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அகற்றியதாக ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அந்த ஆய்வாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உப்பும் எண்ணெயும் கவ்வும் சேர்மங்களும் கலந்த உண்மையான கழிவுநீரில் அந்த எண்கள் நிற்பதில்லை என்பதோடு, உலோகத்தை உறிஞ்சி நிரம்பிய கரியும் ஒரு நச்சுக் கழிவுதான் என்பதை அறிவிப்புகளில் யாரும் எழுதுவதில்லை. எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையும் அப்படியே. சுத்தமான நீரை ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, உலோகம் முழுவதையும் செறிவாக்கி மறுபக்கம் கொடுக்கிறது. ஆவியாக்கியில் கொதிக்கவைத்தால் உப்போடு சேர்ந்து அடியில் நிற்கிறது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் உலோகம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தக் கடைசி இடம் பெரும்பாலும் கசடுதான். கசடைப் பிழிந்து நீரை வடிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸைத் திறந்தால் தகடு தகடாக விழும் அந்தப் பச்சையும் பழுப்புமான கட்டிகளில்தான் நாம் பிடித்த உலோகமெல்லாம் இருக்கிறது. அது நீர் புகாத மூடிய கிடங்குக்கோ, உலோகத்தை மீட்கும் ஆலைக்கோ போனால்தான் நம் வேலை முடிந்ததாகப் பொருள். மழை படும் இடத்தில் சாக்கு மூட்டைகளில் குவித்துவைத்தால், அமிலத் தன்மையுள்ள நீர் பட்டுப் பட்டு ஹைட்ராக்சைடு மறுபடி கரையும். குரோமியக் கசடைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூளைகளில் சுட்டால் அது மீண்டும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியமாக மாறக்கூடும். நான்கு வகை நீரையும் கலப்பதால் கசடும் கலந்துவிடுகிறது; தனி நிக்கல் கசடையோ தனிச் செம்புக் கசடையோ விலை கொடுத்து வாங்கக்கூடிய மீட்பு ஆலைகள், குரோமியமும் இரும்பும் சுண்ணாம்பும் கலந்த கூழை வாங்க முன்வரமாட்டா. மறுபயன்பாட்டுக்கான ஒரே வாசலையும் உங்கள் தீர்மானம் மூடிவிடுகிறது. உயிரியல் சுத்திகரிப்புப் பிரிவுக்கு இந்த நீர் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் ஒருபுறம் நலிவடைய, மறுபுறம் அவற்றின் கசடிலும் உலோகம் ஏறி, உரமாகக்கூடிய கசடும் நச்சுக் கழிவாகிவிடும்.

மாதிரி எடுக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு மாதிரியின்மேல் நிற்கிறது. உலோகத்துக்கான மாதிரியை எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே வைக்க வேண்டும். இல்லையேல் உலோகத்தில் ஒரு பகுதி பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, கருவிக்குள் போகும் நீரில் குறைவாகவே இருக்கும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கோ இதற்கு நேர்மாறு: அமிலம் சேர்க்காமல், குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். நான் பார்த்த இடங்களில், கையில் கிடைத்த பழைய குடிநீர் பாட்டிலில், படிவுத் தொட்டியின் மேற்பரப்பிலிருந்து தெளிந்த நீரை மொண்டு, அமிலம் சேர்க்காமல், இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பியதுண்டு. சில இடங்களில் வடிகட்டிய பிறகு அமிலம் சேர்ப்பார்கள். மிதந்து வெளியேறும் நுண்துகள்களில் உள்ள உலோகம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அறிக்கையில் எண் அழகாக வரும். பட்டறை வாசலில் எடுத்த மாதிரிகள் இருந்தவரை, அவற்றோடு ஒப்பிட்டு இத்தகைய அறிக்கைகளைக் கேள்வி கேட்க முடிந்தது. அந்த ஒப்பீட்டையும் இப்போது எடுத்துவிட்டீர்கள்.

சுத்திகரிப்பு நிலையம் இருப்பதே பாதுகாப்பு என்று நம்பியதால் என்ன நடந்தது என்பதற்கு உலகம் அறிந்த ஒரு முன்னுதாரணம் உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில், பாதரசம் ஏறிய மீன்களை உண்டவர்களின் நரம்புகளைத் தாக்கிய மினமாட்டா நோய் 1956 மே மாதம் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. அந்தப் பாதரசத்தை வெளியேற்றிய சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் நிறுவனம் 1958இல் தன் கழிவுநீரைத் துறைமுகத்திலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டது. அதிக நீரில் கலந்து நீர்த்துப்போகும் என்ற கணக்கில் எடுத்த அந்த முடிவுக்குப் பிறகு, நோய் புதிய பகுதிகளுக்குப் பரவியது. 1959 டிசம்பரில் சைக்ளேட்டர் என்ற சுத்திகரிப்புக் கருவியை விழா எடுத்துத் திறந்தார்கள். அதில் சுத்திகரித்ததாகச் சொன்ன நீரை நிறுவனத் தலைவர் பலர் முன்னிலையில் குடித்தும் காட்டினார். பாதரசம் இருந்த அசிட்டால்டிஹைட் பிரிவின் கழிவுநீர் அப்போது அந்தக் கருவிக்குள் செல்லவே இல்லை. கரிமப் பாதரசத்தை அகற்றும் திறன் அதற்கு இருக்கவும் இல்லை என்பது பின்னாளில் நீதிமன்றச் சாட்சியத்தில் வெளிவந்தது. கருவி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் இருந்த ஆண்டுகளில் பாதரசம் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. 1968 வரை அது நிற்கவில்லை. உங்கள் நோக்கம் அந்த நிறுவனத்தின் நோக்கம் போன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் பெயரையும் ஒரு குழாயின் கடைசி எண்ணையும் நம்பி, உள்ளே என்ன போகிறது என்று பார்ப்பதை நிறுத்துவது அதே பாதையில் வைக்கும் அடி.

அதே ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் நடந்ததையும் நீங்கள் பார்க்க வேண்டும். கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயல்களில் சேர்ந்து, எலும்புகள் நொறுங்கும் இட்டாய் இட்டாய் நோயை அங்கு உண்டாக்கியது. வழக்கில் வென்ற மக்கள் 1972இல் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், இழப்பீட்டோடு இன்னொன்றையும் கேட்டுப் பெற்றார்கள்: தாங்களும் தங்கள் வல்லுநர்களும் ஆலைக்குள் நேரில் சென்று பார்வையிடும் உரிமை, அதுவும் நிறுவனத்தின் செலவில். ஆண்டுதோறும் நடந்த அந்தப் பார்வையிடல்களின் விளைவாக ஆற்றுநீரில் காட்மியம் இயற்கை அளவை ஒட்டிக் குறைந்தது. கெட்டுப்போன வயல் மண்ணைச் சீராக்கும் வேலை மட்டும் 1979இல் தொடங்கி 2012 வரை நீண்டது. உலோகத்தை வாயிலில் பிடிக்காமல் விட்டால் பிறகு பிடிப்பதற்கு ஆகும் காலம் அது.

சிறு பட்டறைகளால் தனித்தனிச் சுத்திகரிப்பின் செலவைத் தாங்க முடியாது என்பது உங்கள் தரப்பின் வலுவான வாதம். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. அந்தப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களோடு பழகியிருக்கிறேன்; பலருடைய இலாபம் எவ்வளவு மெல்லியது என்பதும் தெரியும். ஆனால் செலவைக் குறைக்கும் வழி, கழிவு உண்டாகும் இடத்தில்தான் இருக்கிறது. முலாம் தொட்டியிலிருந்து தூக்கும் பொருளோடு ஒட்டிவரும் கரைசலை ஆயிரம் மடங்கு நீர்க்க வைக்க வேண்டுமென்றால், ஒரே அலசு தொட்டியில் அந்தக் கரைசலைப் போல ஆயிரம் மடங்கு நீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டிகளை எதிரோட்டமாக, அதாவது பொருள் போகும் திசைக்கு எதிராக நீர் ஓடும்படி, இணைத்தால் ஏறத்தாழ 32 மடங்கு போதும்; மூன்று தொட்டிகள் என்றால் ஏறத்தாழ 10 மடங்கே போதும். பொருளைத் தொட்டிக்கு மேல் சில நொடிகள் கூடுதலாகப் பிடித்து வடியவிட்டாலே வீணாகும் கரைசல் கணிசமாகக் குறையும். முதல் அலசு நீரைத் தனியே தேக்கி முலாம் தொட்டிக்கே திருப்பிவிட்டால் நிக்கல் உப்பு வாங்கும் செலவும் குறைகிறது. நீரிலுள்ள உலோகத்தைப் பிடித்துவைக்கும் சிறிய அயனிப் பரிமாற்றக் கலங்களைப் பட்டறைகளில் வைத்து, அவை நிரம்பியதும் பொது நிலையத்துக்குக் கொண்டுவந்து மீட்டு, திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டைக் குழுவே நடத்த முடியும். பொது நிலையம் சிறு பட்டறைகளுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இப்படிப்பட்டது. கலக்க அனுமதிப்பது உதவியாகத் தோன்றினாலும், நாளை ஒரு விபத்தோ வழக்கோ வரும்போது எந்தப் பட்டறையின் உலோகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல், ஒழுங்காக நடப்பவரும் சேர்ந்தே மூட நேரிடும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஒரே குழாயில் கலக்க அனுமதிக்கும் சுற்றறிக்கையை உடனே நிறுத்திவைக்க வேண்டும். சயனைடு நீரும் அமில நீரும் எந்தச் சூழ்நிலையிலும் ஒரே சேகரிப்புக் குழிக்கு வராதபடி குழாய்களும் வால்வுகளும் இருக்கின்றனவா என்று சுயேச்சையான பொறியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்து, அந்த அறிக்கையைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். மற்ற எந்தக் கோரிக்கை தாமதமானாலும் இது ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது.

பட்டறை வாசலில் மாதிரி எடுப்பதை மீண்டும் தொடங்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்த்த கூட்டு மாதிரியாக அது இருக்க வேண்டும். வடிகட்டாமல் மொத்த உலோகத்தையும், தனியாக 24 மணி நேரத்துக்குள் ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தையும் சோதிக்க வேண்டும். வரம்பைச் செறிவில் மட்டும் வைக்காமல், நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்ற அளவிலும் வைக்க வேண்டும். மாதிரியோடு அன்றைய நீரின் ஓட்ட அளவும் பதிவானால் இது கடினமான வேலையன்று.

ஒவ்வொரு பட்டறையும் வாங்கிய உலோக உப்பு எவ்வளவு, முலாமாகப் பொருளில் ஏறியது எவ்வளவு, கசடில் போனது எவ்வளவு, நீரில் போனது எவ்வளவு என்ற கணக்கை ஆண்டுதோறும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கணக்கு பொருந்தாத இடத்தில்தான் உலோகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. தொட்டிகளில் பயன்படும் கவ்வும் சேர்மங்களின் பெயரையும் அளவையும் அறிவிப்பதைக் கட்டாயமாக்கி, அவை உள்ள நீரைப் பொதுக் குழாயில் விடுவதைத் தடைசெய்யுங்கள்.

கசடு நிலையத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் எடை, உலோக அளவு, சேரும் இடம், பெற்றுக்கொண்டவரின் ஒப்புதல் ஆகியவற்றைப் பதிவு செய்து, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கும், அங்கே வேலை செய்பவர்களுக்கும், அவர்கள் தேர்ந்தெடுக்கும் வல்லுநருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உள்ளே வந்து பார்க்கவும், தாங்களே மாதிரி எடுத்துக்கொள்ளவும் எழுத்துப்பூர்வமான உரிமை வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். கலந்த நீரில் இந்த உலோகங்கள் உண்மையில் அகற்றப்படும் என்பதற்கு எந்தச் சோதனை முடிவுகளை ஆதாரமாகக் கொண்டு ஒப்புதல் வழங்கினீர்கள்? உண்மையான கலப்பு நீரில் செய்த பீக்கர் சோதனைகள் இருந்தால், அவற்றின் முழுத் தரவுகளையும் வெளியிடுங்கள். இல்லையென்றால், அவற்றைச் செய்து முடிக்கும்வரை ஒப்புதலைத் திரும்பப் பெறுங்கள். இந்த மடலுக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று உங்கள் இரு தரப்பையும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சோதனைகளைச் செய்ய ஆள் வேண்டுமென்றால், ஊதியம் எதுவும் பெறாமல் வந்து உடனிருந்து செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உலோகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பணியாற்றிய ஒரு வேதியியலாளர்